சுவர்ப்படத்தில் நம் மலைகளுக்கு ஒரே ஒரு கட்டம்: எந்த ஆண்டை எழுதுவது?

1. மன்னவனூர் ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். கோடைக்கானல் மேல்மலையில் உள்ள ஓர் அரசுப் பள்ளியில் எட்டு, ஒன்பதாம் வகுப்புகளுக்கு அறிவியல் நடத்துகிறேன். எங்கள் வகுப்பறையின் பின்சுவர் முழுவதும் அறிவியல் வரலாற்றின் மைல்கற்களை ஆண்டுவாரியாகக் காட்டும் படம் ஒன்றை மாணவர்களே எழுதி ஒட்டி வருகிறார்கள். 1543 கோப்பர்நிக்கஸ், 1687 நியூட்டன், 1796 ஜென்னரின் அம்மைப்பால், 1895 எக்ஸ் கதிர், 1928 ராமன் விளைவு என்று கட்டங்கள் நிரம்பிவிட்டன. பழனி மலைக்கும் நீலகிரிக்கும் சேர்த்து இப்போது ஒரே ஒரு கட்டத்துக்குத்தான் இடம் இருக்கிறது. உலகம் முழுவதையும் எழுதிய பிள்ளைகள், தாங்கள் நின்று பார்க்கும் மலையில் நடந்தது ஒன்றையாவது அதில் எழுத வேண்டும் என்பது என் விருப்பம்.

நான் நினைத்து வைத்திருப்பது 1909. மனைவி மேரியுடன் 1907இல் கோடைக்கானல் சூரிய ஆய்வகத்துக்கு வந்த ஜான் எவர்ஷெட், 1909 ஜனவரியில் சூரியப் புள்ளியின் நிறமாலையைப் பதிவு செய்தபோது ஒன்றைக் கவனித்தார். சூரியப் புள்ளியின் நடுவில் இருண்ட கருநிழலும் அதைச் சுற்றிச் சற்று வெளிறிய புறநிழலும் இருக்கும். அதற்கு முந்தைய ஆண்டுதான் அமெரிக்காவின் மவுண்ட் வில்சனில் ஜார்ஜ் ஹேல் சூரியப் புள்ளிகளில் வலுவான காந்தப்புலம் இருப்பதைக் கண்டறிந்திருந்தார். புள்ளி என்பது ஒரு பெரிய சுழலாக இருக்கலாம் என்ற எண்ணம் அப்போது நிலவியதால், அந்தச் சுழற்சியைத்தான் எவர்ஷெட்டும் தேடினார். அவருக்குக் கிடைத்ததோ வேறு. புறநிழலில், சூரிய வட்டின் மையத்தை நோக்கிய பக்கத்தில் நிறமாலைக் கோடுகள் ஊதாவை நோக்கியும், விளிம்பை நோக்கிய பக்கத்தில் சிவப்பை நோக்கியும் விலகியிருந்தன. வாயு புள்ளியின் நடுவிலிருந்து எல்லாத் திசையிலும் வெளியே, மேற்பரப்பை ஒட்டியபடி, நொடிக்குச் சுமார் 2 கிலோமீட்டர் வேகத்தில் பாய்கிறது என்பதே அதற்குப் பொருள். இன்றும் உலகெங்கும் இதற்கு எவர்ஷெட் விளைவு என்றுதான் பெயர்.

கொண்டை ஊசி வளைவில் ஏறி வரும் பேருந்தின் ஹாரன் ஒலி நெருங்கும்போது கூர்மையாகவும் கடந்து போனபின் தாழ்ந்தும் கேட்பதைச் சொல்லித்தான் பிள்ளைகளுக்கு இதை விளக்கினேன், உடனே புரிந்துகொண்டார்கள். ஆனாலும் முடிவெடுக்கும் முன் உங்களைக் கேட்டுவிட வேண்டும் என்று தோன்றியது. வேறு ஆண்டு இருந்தால் காரணத்தோடு சொல்லுங்கள்.

2. கீழ்மலை நண்பர்

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். சூரியனில் ஹீலியம் கண்டுபிடிக்கப்பட்டது கோடைக்கானலில்தான் என்று படித்த நினைவு. அது எவர்ஷெட் விளைவைவிடப் பெரிய செய்தி அல்லவா? அதை எழுதலாமே.

3. நாயுடுபுரம் வாசி

கீழ்மலை நண்பர் சொல்வது பலர் பகிரும் செய்திதான், ஆனால் சரியன்று. 1868 ஆகஸ்ட் 18 அன்று நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தை ஆந்திரப் பகுதியில் உள்ள குண்டூரிலிருந்து பிரெஞ்சு வானியலாளர் ழான்சென் நிறமாலைமானி கொண்டு பார்த்தார். அந்தக் காலகட்டத்தில் சூரியத் தழல்களின் ஒளியில் காணப்பட்ட மஞ்சள் கோடு பூமியில் அறியப்பட்ட எந்தத் தனிமத்தோடும் பொருந்தவில்லை. அதற்கு ஹீலியம் என்ற பெயர் லாக்யர் வழியாக வந்தது. பூமியில் அதை ராம்சே பிரித்தெடுத்தது 1895இல். அந்த ஆண்டில்தான் கோடைக்கானல் ஆய்வகத்துக்கு அடிக்கல்லே நாட்டப்பட்டது. பிள்ளைகள் எழுதும் படம் என்பதால் இதில் தவறு நேரக் கூடாது என்று உடனே எழுதுகிறேன். என் கருத்தை நாளை விரிவாக எழுதுவேன்.

4. முத்தோரை பாலாடா

ஆசிரியை அம்மாவுக்கு வணக்கம். நான் உதகைக்குப் பக்கத்தில் கேரட், உருளைக்கிழங்கு பயிரிடும் குடும்பத்தைச் சேர்ந்தவன், படித்தது பொறியியல். என் வாக்கு 1970க்கு. அந்த ஆண்டில்தான் முத்தோரையின் மலைச்சரிவில் ரேடியோ தொலைநோக்கி இயங்கத் தொடங்கியது.

சிறுவயதில் காலையில் பள்ளிக்குப் போகும்போது கிழக்கே பார்த்து நின்ற பெரிய இரும்புச் சட்டங்கள், மாலையில் திரும்பி வரும்போது மேற்கே சாய்ந்திருக்கும். யாரும் தள்ளியதைப் பார்த்ததில்லை. அது எதைப் பின்தொடர்கிறது என்று அப்போது தெரியாது. பெரியவனான பிறகு அதன் அமைப்பைப் படித்தபோது வியப்பு இன்னும் கூடிற்று.

வானில் ஒரு பொருள் கிழக்கிலிருந்து மேற்கே நகர்வதாகத் தெரிவது பூமி தன் அச்சில் சுழல்வதால்தான். ஆகவே பூமியின் அச்சுக்கு இணையான ஓர் அச்சில் தொலைநோக்கியைச் சுழற்றினால், ஒரே சீரான சுழற்சியில் அந்தப் பொருளைப் பின்தொடரலாம். ஆனால் 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட ஒரு பரவளைய உருளையைப் பூமியின் அச்சுக்கு இணையாகத் தூக்கி நிறுத்துவது எப்படி? சமவெளியில் கட்டினால் ஒரு முனையை நூறு மீட்டர் உயரத்துக்குத் தூக்க வேண்டியிருக்கும். கோவிந்த் ஸ்வரூப்பும் அவருடைய டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனக் குழுவினரும் இதற்கு விடையாக மலையையே எடுத்துக்கொண்டார்கள். உதகையின் அட்சரேகை 11 பாகையைச் சற்றே தாண்டியது. வடக்கு தெற்காக ஏறத்தாழ அதே 11 பாகை சரிந்த ஒரு மலைச்சரிவைத் தேடிப் பிடித்து, அதன்மேல் உருளையைக் கிடத்திவிட்டால் அச்சு தானாகவே பூமியின் அச்சுக்கு இணையாகிவிடும். தேடி அலைந்தவர்களுக்கு அந்தச் சரிவு முத்தோரையில் கிடைத்தது.

24 பரவளையச் சட்டங்களின்மீது, 530 மீட்டர் நீளத்துக்கு 1,100 மெல்லிய துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளை இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். எதிரொளிப்பான் என்பது அவ்வளவுதான். அது வாங்கும் அலையின் நீளம் ஏறத்தாழ 92 சென்டிமீட்டர் என்பதால், சில சென்டிமீட்டர் இடைவெளியில் கட்டிய கம்பிகளே அந்த அலைக்கு முழுத் தகடுபோல நடந்துகொள்ளும். ஆடிமாதக் காற்றோ கம்பிகளுக்கு இடையே புகுந்து போய்விடும். குவியத்தில் 1,056 டைபோல்கள், அதாவது அலையை வாங்கும் சிறு ஆன்டெனாக்கள், வரிசையாக இருக்கின்றன. கிழக்கு மேற்காகச் சட்டங்களைத் திருப்புகிறார்கள். வடக்கு தெற்காகப் பார்க்கும் திசையை மின்னணுவியல் முறையில் மாற்றுகிறார்கள். ஒரு பொருளை நாளுக்கு ஒன்பதரை மணி நேரம் விடாமல் தொடரலாம். பரப்பை எங்கள் ஊர்க் கணக்கில் சொன்னால் நான்கு ஏக்கருக்குச் சற்றே குறைவு.

இதை வைத்து என்ன செய்தார்கள் என்றும் சொல்லிவிடுகிறேன். நிலவு வானில் நகரும்போது தொலைவிலுள்ள ரேடியோ மூலம் ஒன்றை மறைத்தால், அந்த மூலத்தின் சமிக்ஞை எந்த நொடியில், எந்த விதத்தில் குறைகிறது என்பதிலிருந்து அதன் இடத்தையும் அளவையும் மிக நுட்பமாகக் கணக்கிடலாம். 1962இல் ஆஸ்திரேலியாவில் இம்முறையில் 3சி 273 என்ற மூலத்தின் இடம் துல்லியமாகத் தெரிந்ததால்தான், அடுத்த ஆண்டே அது ஒரு குவேசார், அதாவது மிகத் தொலைவிலிருந்து பேரொளியோடு தெரியும் பொருள், என்று மார்ட்டன் ஷ்மிட் இனங்காண முடிந்தது. அச்செய்தியைப் படித்தபோதுதான் இதற்கென்றே ஒரு பெரிய தொலைநோக்கி கட்டலாம் என்ற எண்ணம் ஸ்வரூப்புக்குத் தோன்றியது. உதகையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மூலங்கள் இப்படி அளக்கப்பட்டன. மங்கலான, அதாவது பெரும்பாலும் தொலைவில் உள்ள, மூலங்களின் கோண அளவு எப்படிச் சிறுக்கிறது என்பதை வைத்து, பிரபஞ்சம் காலத்தோடு மாறிவந்திருக்கிறது என்பதற்கு 1975இல் இங்கிருந்து சான்று சென்றது. பெருவெடிப்பா, என்றும் மாறாத நிலையா என்ற பெரிய வழக்கில் நம் ஊர்ச்சரிவும் சாட்சி சொல்லியிருக்கிறது.

வெளியிலிருந்து வாங்கி வந்து நிறுவிய கருவி இல்லை இது. இங்கேயே வடிவமைத்து, இங்கேயே கட்டியது. அதனால் 1970.

5. குன்னூர் வாசகி

இருவரும் வானத்தையே பார்க்கிறீர்கள். நான் அடுப்பங்கரையைப் பார்க்கச் சொல்கிறேன்.

குன்னூர் பாஸ்டர் நிறுவனம் 1907இல் நாய்க்கடி சிகிச்சைக்காகத் தொடங்கப்பட்டது என்பது பலருக்குத் தெரியும். அதே வளாகத்தின் ஓர் அறையில் 1918இல், உணவில் சத்துக் குறைவதால் வரும் பெரிபெரி நோயைப் பற்றிய விசாரணை ஒன்றை மருத்துவர் ராபர்ட் மெக்காரிசன் தொடங்கினார் என்பதும், இன்று ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் வேர் அந்த அறைதான் என்பதும் பலருக்குத் தெரியாது. நிறுவனம் ஹைதராபாத்துக்குப் போனது 1958இல். அதுவரை நாற்பது ஆண்டுகள் குன்னூரில்தான் இருந்தது.

மெக்காரிசன் செய்த சோதனைகளில் ஒன்றை ஆசிரியை வகுப்பில் சொல்லலாம். எலிகளைக் குழுக்களாகப் பிரித்து, இந்தியாவின் ஒவ்வொரு பகுதி மக்களும் உண்ணும் உணவை ஒவ்வொரு குழுவுக்கும் கொடுத்து வளர்த்தார். கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி உண்ட வடமேற்குப் பகுதியின் உணவில் வளர்ந்தவை நன்கு செழித்தன. தீட்டிய அரிசியை முதன்மையாகக் கொண்ட நம் சென்னை மாகாணத்து உணவில் வளர்ந்தவை கடைசி வரிசையில் நின்றன. மனிதரின் இனத்தையோ தட்பவெப்பத்தையோ காரணம் காட்டிவந்த காலத்தில், தட்டில் இருப்பதுதான் வேறுபாட்டுக்குக் காரணம் என்று எடைக்கற்களால் காட்டிய சோதனை அது. அவருக்குப் பின் வந்த அய்க்ராய்ட் 1937இல் இந்திய உணவுப்பொருள்களின் சத்துப் பட்டியலை வெளியிட்டார். கேழ்வரகில் சுண்ணாம்புச்சத்து, முருங்கைக்கீரையில் இன்னது என்று இன்று நாம் வாய்ப்பாடாகச் சொல்லும் எண்களின் தொடக்கம் அங்கேதான் இருக்கிறது.

என் அம்மா, தவிட்டோடு கூடிய கைக்குத்தல் அரிசியை ஏழைகளின் அரிசி என்று சொல்லி எங்களுக்கு வைக்கவே மாட்டார். எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்த ஆய்வகம் அதற்கு எப்போதோ விடை சொல்லியிருந்தது. அதனால்தான் 1918ஐ எழுதுங்கள் என்கிறேன்.

6. நாயுடுபுரம் வாசி

நேற்று சொன்னபடி எழுத வருகிறேன். ஆசிரியை அம்மா தேர்ந்தெடுத்த இடம் சரி. ஆண்டு பற்றித்தான் எனக்கு வேறு கருத்து இருக்கிறது.

என் தந்தை அப்சர்வேட்டரியில் உதவியாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். நாங்கள் எழும் முன்பே அவர் மேலே போயிருப்பார். வெயில் ஏறி நிலம் சூடாவதற்கு முன்பு, காலையில்தான் சூரியனின் பிம்பம் நடுங்காமல் நிற்கும் என்பார். ஒருமுறை என்னை அழைத்துப்போய்ப் பழைய கண்ணாடித் தகடு ஒன்றைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். கால்சியம் ஒளியில், அதாவது சூரியனில் உள்ள கால்சியத்துக்கே உரிய ஒரு நிற ஒளியை மட்டும் பிரித்து, எடுத்த படம். ஏறத்தாழ 6 சென்டிமீட்டர் குறுக்களவில் சூரியன். விளிம்பைத் தவிர வேறெங்கும் விரல் படக் கூடாது என்று எனக்குச் சொல்லிவிட்டு, தன் விரல்களையும் துண்டில் துடைத்துக்கொண்டுதான் அதை எடுத்தார். நெகட்டிவ் என்பதால் சூரியனில் பிரகாசமாக இருந்த திட்டுகள் அதில் கருமையாகத் தெரிந்தன. ஓரத்தில் தேதி. அந்தத் தேதியில் என் தாத்தாகூடப் பிறந்திருக்கவில்லை.

அங்கே 1904 முதல் சூரியனின் முழு வட்டு வெண்ணொளிப் படங்களும், அந்தப் பத்தாண்டிலேயே தொடங்கிக் கால்சியம் ஒளிப் படங்களும், 1912 முதல் ஹைட்ரஜன் ஒளிப் படங்களும் மேகம் விட்ட நாளெல்லாம் எடுக்கப்பட்டு வந்திருக்கின்றன. இரண்டு உலகப் போர்களிலும் அந்த வேலை நடந்தது. விடுதலை வந்தபோதும் நடந்தது. இயக்குநர்கள் மாறினார்கள், 1937இல் ஏ. எல். நாராயண் என்ற முதல் இந்திய இயக்குநர் வந்தார், 1960இல் வேணு பாப்பு வந்தார், 1971இல் இந்திய வான்இயற்பியல் நிறுவனம் உருவாயிற்று. தகடு போய் பிலிம், பிலிம் போய் மின்னணுக் கேமரா என்று கருவிகளும் மாறின. சூரியனின் 11 ஆண்டுச் சுழற்சிகள் பத்து, இந்த ஒரு மலையின் பெட்டிகளில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன.

எவர்ஷெட் விளைவைப் படத்தில் எழுதும்போது ஒரு நாள், ஒரு பெயர் மட்டும் நிற்கும். மேரி எவர்ஷெட்டின் பெயர்கூட அதில் நிற்காது. அவரோ சூரிய விளிம்பில் எழும் தழல்களை ஆராய்ந்து தனியாகவே கட்டுரை எழுதியவர். கதவு திறந்தவர், தகட்டைக் கழுவியவர், குளிர்நீரில் விரல் மரத்தவர் ஆகியோரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அதனால் 1909 வேண்டாம், 1904 முதல் இன்றுவரை என்று எழுதுங்கள் என்பது என் வேண்டுகோள்.

7. உதகை இயற்பியல் மாணவன்

நாயுடுபுரம் ஐயாவின் பதிவை இரண்டு முறை படித்தேன். உங்கள் தந்தையின்மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆனாலும் ஒரு கேள்வியைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. மைல்கல் என்பது அதற்கு முன்பு ஒரு விதமாகவும் பின்பு வேறு விதமாகவும் அறிவை மாற்றிய ஒன்றாக இருக்க வேண்டும். நாள்தோறும் படம் எடுப்பது பெரிய உழைப்புதான், ஒழுங்குதான்; ஆனால் அதனால் எது மாறிற்று? உழைப்புக்கு மரியாதை செய்வதற்காக அதை மைல்கல் என்று சொன்னால், பிள்ளைகளுக்கு அந்தச் சொல்லின் பொருள் குழம்பிவிடாதா? இன்னொன்று: மழையைக் கணிக்கத்தான் அந்த ஆய்வகமே கட்டப்பட்டது என்று சொல்கிறார்கள். அந்த நோக்கம் நிறைவேறியதா?

8. நாயுடுபுரம் வாசி

தம்பி, நியாயமான கேள்விகள். இரண்டாவதற்கு முதலில் விடை சொல்கிறேன், ஏனென்றால் முதல் கேள்விக்கான விடை அதற்குள்தான் இருக்கிறது.

நம் கிழவிகள் தாது வருஷப் பஞ்சம் என்று சொல்வார்களே, 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய அந்தப் பஞ்சத்தில் பல லட்சம் பேர் மாண்டார்கள். அதன்பின் அமைக்கப்பட்ட பஞ்ச ஆணையத்தின் காலத்தில், சூரியப் புள்ளிகளின் ஏற்ற இறக்கத்துக்கும் பருவமழைக்கும் தொடர்பு இருக்கலாம், சூரியனை நாள்தோறும் கவனித்தால் பஞ்சத்தை முன்கூட்டியே அறியலாம் என்ற எண்ணம் வலுத்தது. சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792 முதல் இருந்த வானாய்வகத்தில் வானம் தெளிவாக இருக்கும் நாள்கள் போதவில்லை. வானியலாளர் மிச்சி ஸ்மித் பழனி மலையையும் நீலகிரியையும் ஆராய்ந்து பார்த்தார். 1893இல் கோடைக்கானல் முடிவாயிற்று. 1895இல் ஆளுநர் வென்லாக் அடிக்கல் நாட்டினார். 1901இல் கண்காணிப்பு தொடங்கியது. ஆகவே அந்தக் கட்டடத்தின் அடியில் இருப்பது நம் மக்களின் பசி.

அவர்கள் எதிர்பார்த்தபடி மழையை முன்னறிவிக்கும் கருவியாகச் சூரியப் புள்ளி அமையவில்லை. பயன் வேறு பக்கத்திலிருந்து வந்தது. கால்சியம் ஒளியில் பிரகாசமாகத் தெரியும் திட்டுகள் சூரியனில் காந்தப்புலம் வலுவாக உள்ள இடங்களோடு பொருந்துகின்றன. சூரிய வட்டு முழுவதன் காந்தப்புலத்தையும் கருவியால் நேரடியாக, நாள்தோறும், முறையாக அளக்கத் தொடங்கியது 1960களுக்குப் பிறகுதான். அதற்கு முன்னால் இருந்த அரை நூற்றாண்டுச் சூரியனின் காந்தம் எப்படி இருந்தது என்று இன்று ஒருவர் கேட்டால், அவர் போய்ப் பார்க்க வேண்டிய சில இடங்களில் ஒன்று கோடைக்கானல் தகடுகள். மவுண்ட் வில்சனிலும் கால்சியம் படங்கள் உண்டு. ஆனால் அந்தத் தொடர் 1915இல் தொடங்கி 1985இல் நின்றுவிட்டது. நம்முடைய தகடுகள் இப்போது கணினிப் படங்களாக மாற்றப்பட்டு, உலகின் எந்த மூலையில் இருப்பவரும் பார்க்கும்படி வைக்கப்பட்டுள்ளன. 1920இல் படம் எடுத்தவர் 2020இல் கேட்கப்பட்ட கேள்விக்கு விடை கொடுத்திருக்கிறார். எது மாறிற்று என்று கேட்டீர்கள், மாறியது இதுதான். ஒரே ஒரு நாளில் நடக்காததால் அது கட்டத்துக்குள் அடங்கவில்லை, அவ்வளவே.

மேகமூட்டமான நாள்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. மூடுபனி கட்டிய நாளிலும் என் தந்தை மேலே போவார். படம் எடுக்க முடியாது. குறிப்பேட்டில் மேகம் என்று எழுதிவிட்டு வருவார். போகாமலே இருந்துவிடலாமே என்று ஒரு டிசம்பர் காலையில் கேட்டேன். அன்று சூரியன் தெரியவில்லை என்பதற்கும், அன்று யாரும் பார்க்கவில்லை என்பதற்கும் வேறுபாடு இருக்கிறது, அதைப் பின்னால் வருபவன் எப்படித் தெரிந்துகொள்வான் என்றார்.

9. வெலிங்டன் ரயில் அன்பர்

விவாதம் வேறு திசையில் போய்விட்டாலும், மலை ரயிலைச் சொல்லாமல் விடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899இலும் உதகைக்கு 1908இலும் வந்தது. 12க்கு ஒன்று என்ற செங்குத்தான ஏற்றத்தில் சக்கரத்தின் உராய்வு மட்டும் போதாது என்பதால், நடுவில் பற்கள் கொண்ட இரட்டைத் தண்டவாளத்தை இட்டு, எஞ்சினின் பற்சக்கரம் அதைக் கடித்தபடி ஏறும். இது ரோமன் ஆப்ட் வகுத்த முறை. இரண்டு தண்டுகளின் பற்களும் ஒன்றுக்கொன்று மாற்றி அமைந்திருப்பதால் எந்த நொடியிலும் ஏதாவது ஒரு பல் கடித்துக்கொண்டே இருக்கும். 2005இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம் பெற்றது. கட்டம் கிடைக்காவிட்டாலும் பிள்ளைகளை ஒருமுறை குன்னூருக்கு அழைத்து வாருங்கள்.

10. உதகை இயற்பியல் மாணவன்

நாயுடுபுரம் ஐயா, ஒப்புக்கொள்கிறேன். உங்கள் பதிவைப் படித்த பிறகு எங்கள் ஊரில் உள்ள இன்னோர் ஆய்வு என் நினைவுக்கு வந்தது; அதுவும் உங்கள் பக்கத்தையே வலுப்படுத்துகிறது.

உதகையில் கிரேப்ஸ்-3 என்ற காஸ்மிக் கதிர் ஆய்வகம் இருக்கிறது. விண்வெளியிலிருந்து வரும் ஆற்றல் மிக்க துகள்கள் காற்று மண்டலத்தில் மோதும்போது பிறக்கும் மியூவான் என்ற நுண்துகள்களை அங்கே எண்ணுகிறார்கள். 10 சென்டிமீட்டர் சதுரமும் 6 மீட்டர் நீளமும் கொண்ட இரும்புக் குழாய்கள் 3,712. அவற்றுக்கு மேலே கனத்த கான்கிரீட் அடுக்கு. மற்றத் துகள்கள் கான்கிரீட்டில் நின்றுவிட, ஊடுருவி வரும் மியூவான் மட்டும் குழாயில் பதிவாகும். இரவு பகல் ஓயாத எண்ணிக்கை; நாளொன்றுக்குச் சுமார் 400 கோடி மியூவான்கள்.

இதில் பெரும்பாலான நாள்களில் சிறப்பாக எதுவும் நடக்காது. ஆனால் 2015 ஜூன் 22 அன்று சூரியனிலிருந்து வெடித்துக் கிளம்பிய பிளாஸ்மா (மின்னேற்றம் கொண்ட வாயு) மேகம் ஒன்று பூமியைத் தாக்கியபோது, இரண்டு மணி நேரம் மியூவான் எண்ணிக்கை வழக்கத்தைவிட உயர்ந்தது. பூமியின் காந்தக் கவசம் சற்று நேரம் வலுவிழந்து, வழக்கமாகத் தடுக்கப்படும் துகள்களை உள்ளே விட்டது என்று அந்தக் குழுவினர் விளக்கினார்கள். இன்னொரு நாள், 2014 டிசம்பர் 1, ஆய்வகத்தின்மேல் இடிமேகம் ஒன்று கடந்து போனது. அந்த 18 நிமிடங்களில் மியூவான்கள் குறைந்த அளவை வைத்து மேகத்துக்குள் இருந்த மின்னழுத்தத்தைக் கணக்கிட்டபோது 130 கோடி வோல்ட் என்று வந்தது, 2019இல் வெளியிட்டார்கள். இடிமேகத்தில் நூறு கோடி வோல்ட் அளவுக்கு அழுத்தம் இருக்கலாம் என்று சி. டி. ஆர். வில்சன் 1920களிலேயே சொல்லியிருந்தார். யாரும் அளந்து காட்டியிருக்கவில்லை.

நாள் தவறாமல் எண்ணி, வழக்கமான அளவு எவ்வளவு என்று துல்லியமாகத் தெரிந்து வைத்திருந்ததால்தான், வழக்கம் மாறிய இரண்டு மணி நேரமும் 18 நிமிடமும் கண்ணில் பட்டன. என் முந்தைய பதிவில் ஒழுங்கு வேறு, மைல்கல் வேறு என்று பிரித்தது தவறு.

11. முத்தோரை பாலாடா

தம்பி சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். எங்கள் தொலைநோக்கி நிலவு மறைப்புகளோடு நின்றுவிடவில்லை. நட்சத்திரம் காற்றால் மினுக்குவதுபோல, தொலைதூர ரேடியோ மூலங்களும் சூரியனிலிருந்து வீசும் பிளாஸ்மாக் காற்றினூடே வரும்போது மினுக்கும். அந்த மினுக்கத்தை அளந்து சூரியக் காற்றின் வேகத்தை முத்தோரையில் பல ஆண்டுகளாகக் கணித்து வருகிறார்கள். சூரியனின் முகத்தைக் கோடைக்கானல் பார்க்கிறது. அங்கிருந்து கிளம்பியது வழியில் என்ன வேகத்தில் வருகிறது என்பதை முத்தோரை பார்க்கிறது. வந்து பூமியைத் தொட்டபோது நேர்ந்ததைக் கிரேப்ஸ்-3 எண்ணுகிறது. இரண்டு மலைகளுக்கும் சேர்த்து ஒரே கட்டம் என்று ஆசிரியை அம்மா கேட்டது முதலில் எனக்கு வருத்தமாக இருந்தது. இப்போது இல்லை. ஆனால் 11 பாகைச் சரிவை மட்டும் எங்காவது எழுதிவிடுங்கள்.

12. குன்னூர் வாசகி

தாது வருஷப் பஞ்சத்தைப் படித்தபின் எனக்கும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. குன்னூர் ஆய்வகத்தை நடத்திய அய்க்ராய்ட், 1943 வங்கப் பஞ்சத்தை விசாரித்த ஆணையத்தின் உறுப்பினராகவும் இருந்தார். பசியைப் பற்றிய கவலை உங்கள் மலையில் வானத்தைப் பார்க்க வைத்தது. எங்கள் மலையில் எலிக்கூண்டின் எடையைக் குறித்து வைக்கச் செய்தது. என் 1918ஐ வற்புறுத்தவில்லை, ஆசிரியை அவர்களே. கேழ்வரகைப் பற்றி மட்டும் வகுப்பில் சொல்லுங்கள்.

13. மன்னவனூர் ஆசிரியை

அனைவருக்கும் நன்றி. உங்கள் பதிவுகளை வகுப்பில் உரக்கப் படித்தோம். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்திதான் வழி சொன்னாள்: கட்டம் வேண்டாம், படத்தின் அடியில் இடமிருந்து வலமாக ஒரு பட்டையை வரையலாம் என்றாள். அதன்படி, 1904 என்று எழுதிய இடத்தில் தொடங்கும் மஞ்சள் பட்டை, இரண்டு உலகப் போர்களின் கட்டங்களுக்கும் கீழாக ஓடி, சுவர் முடியும் இடத்தில் சன்னல் சட்டத்தைத் தொட்டு நிற்கிறது. அதன்மேல் 1909, 1970, 2015 ஆகியவை முடிச்சுகளாக இருக்கின்றன. 1909இன் கீழ் ஜான், மேரி இருவர் பெயரும் உண்டு. குன்னூரின் 1918க்குப் பட்டைக்குக் கீழே தனிக் குறிப்பு எழுதியிருக்கிறோம். கேழ்வரகும் அதில் வந்துவிட்டது.

முத்தோரை நண்பருக்கு: பாகைமானியால் 11 பாகை அளந்து அட்டையில் ஒரு சரிவு வெட்டியிருக்கிறார்கள். அதன்மேல் தென்னை ஈர்க்குச்சிகளால் சட்டமும் நூலால் கம்பிகளும் கட்டி முடிந்தது. நூல் தொய்ந்துபோவதுதான் சிக்கல். 530 மீட்டர் கம்பியை எப்படித் தொய்யாமல் இழுத்துக் கட்டினார்கள் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். தெரிந்தால் எழுதுங்கள்.

நாயுடுபுரம் ஐயாவுக்கு: பள்ளியில் உள்ள சிறிய தொலைநோக்கி வழியாகச் சூரியனின் பிம்பத்தை வெள்ளைத்தாளில் விழச்செய்து, தெரியும் புள்ளிகளைப் பென்சிலால் குறிக்கும் வேலையைத் திங்கட்கிழமை தொடங்கினோம். கண்ணால் நேரே பார்க்கக் கூடாது என்பதை முதல் பக்கத்திலேயே எழுதிவிட்டோம். காலை 9.30க்கு இரண்டு பேர் என்று முறை வைத்திருக்கிறார்கள். திங்கள் அன்று நடுக்கோட்டுக்குச் சற்று மேலே ஒரு கூட்டமும், செவ்வாய் அன்று அதே கூட்டம் மேற்கு விளிம்பை நோக்கிச் சிறிது நகர்ந்திருப்பதும் தெரிந்தது. புதன்கிழமை மலை முழுவதும் மூடுபனி. முறைக்காரப் பிள்ளைகள் இருவரும் தாளோடு முற்றத்தில் பத்து நிமிடம் நின்றுவிட்டு வந்து, தேதியையும் நேரத்தையும் குறித்து, வெறும் வட்டத்துக்குள் மேகம் என்று எழுதி, கீழே தங்கள் பெயரைப் போட்டிருக்கிறார்கள்.